மூன்றேகால் தூண்கள்

தாஷ்-கெச்சூ ஊரின் போர் நினைவிடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் கூட்டுவது கஷ்டமில்லை, புல் வெட்டுவது கஷ்டமில்லை, கல் சிப்பாயின் தலைக்கவசத்தில் வந்து உட்காரும் காக்காயை விரட்டுவதுகூடக் கஷ்டமில்லை. அர்த்தம் சொல்வதுதான் கஷ்டம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோ வெளியூர் விருந்தாளிகளோ வந்து, "இந்த மூணு தூணுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால், இப்போது நகரத் தலைவர் யார் என்பதைக் காவலாளி பெய்ஷென் முதலில் மனசுக்குள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வார். அதற்கப்புறம்தான் வாயைத் திறப்பார்.

வரைபடத்தில் தூண்கள் நான்கு. இரண்டாம் உலகப் போரில் சோவியத் நாடு சண்டையிட்ட நாலு வருஷத்துக்கு நாலு தூண். நடுவில் நட்சத்திர வாய் வைத்த இரும்புக் கிண்ணம், கிண்ணத்தில் அணையாத் தீ. தலைநகரிலிருந்து வந்த வெனியமின் என்ற சிற்பி அப்படித்தான் வரைந்து கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். நாலாவது தூணை லாரியிலிருந்து இறக்கும்போது கிரேனின் கயிறு அறுந்தது. தூண் உருண்டுபோய், யாரோ அளவெடுத்து வைத்ததுபோல் பாசன வாய்க்காலுக்குக் குறுக்கே விழுந்தது. திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர்கள் வரும் தேதி முடிவாகிவிட்டதால் அதைத் தூக்கி நிறுத்த யாருக்கும் நேரமில்லை. அன்று சாயங்காலமே அக்கரைப் பெண்ணொருத்தி இரண்டு கையிலும் பால் வாளியோடு அதன்மேல் நடந்து இக்கரைக்கு வந்தாள். அதோடு அது பாலமாகிவிட்டது.

மிச்சமிருந்த மூன்றுக்கும் அர்த்தம் வேண்டுமே. திறப்பு விழாவில் அவை போர்முனை, தொழிற்சாலை, வயல் என்று அறிவிக்கப்பட்டன. சோவியத் போன பிறகு வந்த தலைவர், இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்றார். அவருக்கு அடுத்தவர் கூடாரத்தின் வளைகம்புகள் என்றார்: அப்பா, அம்மா, பிள்ளை. அதற்கும் அடுத்தவர் குதிரைப் பைத்தியம். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் குதிரை என்று சொல்லச் சொன்னார். "ஏன் தாத்தா குதிரை காலைத் தூக்குச்சு?" என்று ஒரு பிள்ளை கேட்டது. "களைச்சிருக்கும்" என்றார் பெய்ஷென். இப்போதைய தலைவர் ரிஸ்பெக் பதவிக்கு வந்து ஒரு வருஷமாகியும் புது அர்த்தம் எதுவும் வந்து சேரவில்லை. ஆகவே பெய்ஷென் பழையவற்றைக் கலந்து கட்டிச் சமாளித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் எதிர்காலத்தில் குதிரை வயலுக்குப் போனது. விருந்தாளிகள் தலையாட்டிவிட்டுப் பூவை வைத்துவிட்டுப் போனார்கள்.

சிப்பாயின் வலது கை மேற்கே நீண்டிருக்கும். எதிரி இருந்த திசை அது. இப்போது அந்தத் திசையில் முதலில் வருவது பெண்களின் பொதுக் குளியலறை. அதற்கு யாராவது அர்த்தம் கேட்டால் பெய்ஷென் காதில் வாங்குவதேயில்லை.

அப்புறம் அந்தத் தீ. குழாயில் எரிவாயு வருவது நின்று எத்தனையோ காலம் ஆயிற்று. இப்போது கிண்ணத்துக்குப் பின்னால் செங்கல் கூண்டில் ஒரு சிலிண்டர் இருக்கிறது. மே ஒன்பது வெற்றி நாள், அதற்கான ஒத்திகை, கல்யாணம், மேலிடத்து வருகை: இவற்றுக்கு மட்டும் தீ எரியும். மற்ற நாட்களில் அணையாத் தீ அணைந்திருக்கும். திருகுவதும் மூடுவதும் பெய்ஷென் கை. "என்ன அண்ணே, இன்னைக்கு அணையாததை எத்தனை மணிக்கு அணைக்கிறீங்க?" என்று கடைத்தெருவில் கேட்பார்கள். அவரும் ஏதோ ஒரு மணி சொல்வார்.

இந்த வேலை அவருக்குப் பிடித்திருந்ததா என்று கேட்டால், அதை அவர் யோசித்ததில்லை. ஆனால் இது போனால் என்ன ஆகும் என்பது தெளிவாகத் தெரியும். மாஸ்கோ. மகன் தாலாய் அங்கே ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். ஒரே அறையில் ஊர்க்காரர்கள் பலபேர், இரண்டடுக்குக் கட்டில்கள். அதில் ஒரு மேல் கட்டில் மட்டும் எப்போதும் காலி. வெந்நீர்க் குழாய் மூக்கை உரசிக்கொண்டு போகிற கட்டில் அது. "அப்பா, ஏதாச்சும் பிரச்சினைன்னா கவலைப்படாதீங்க. மேல் கட்டில் இருக்கு" என்று ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் அன்போடு சொல்வான். ஐம்பத்தெட்டு வயதில், இந்த முட்டியை வைத்துக்கொண்டு, அந்தக் கட்டிலில் ஏறுவதுபோல் பெய்ஷெனுக்குக் கனவே வந்திருக்கிறது. இறங்குவதுபோல் வந்ததில்லை.

குழப்பம் ஆரம்பித்தது ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை. முதல்நாள் அடித்த காற்றில் மின்கம்பிகள் அறுந்து ஊர் முழுக்க மின்சாரம் இல்லை. வெற்றி நாள் ஒத்திகைக்காகத் தீயை மூட்டச் சொல்லியிருந்தார்கள், மூட்டியிருந்தார். பிள்ளைகள் காலையில் வந்து அணிவகுத்து நடந்துவிட்டுப் போய்விட்டார்கள். அணைக்கலாமா, மத்தியானமும் வருவார்களா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் மனைவி புருல் வந்தாள். ஒரு கையில் கொப்பரை, ஒரு கையில் எண்ணெய்ப் பாத்திரம், கக்கத்தில் துணியால் மூடிய மாவு.

"ஏங்க, அந்தத் தீ யாருக்கு எரியுது?"

"போர்ல செத்தவங்களுக்கு."

"இமானாலி எதுல செத்தாரு?"

"போர்லதான்."

"அப்பறம் என்ன? தள்ளுங்க."

இமானாலி பெய்ஷெனின் அப்பாவுக்கு அண்ணன். பத்தொன்பது வயதில் போனவர். கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை குட்டி கிடையாது, நிழற்படமும் கிடையாது. எங்கே புதைத்தார்கள் என்றும் தெரியாது. நினைவிடச் சுவரில் பெயர் மட்டும் உண்டு. வியாழக்கிழமைதோறும் அவருக்காக எண்ணெய் காய வைப்பது தம்பி வீட்டு மருமகள்களின் பொறுப்பு. மாமியாருக்குப் பிறகு அது புருலிடம் வந்தது. செத்தவர்கள் பொரித்ததைத் தின்ன வருவதில்லை. எண்ணெய் காயும் வாசனைதான் அவர்களுக்குப் போய்ச் சேரும். அன்றைக்கு வாசனை எழும்பாத வீட்டு வாசலில் அவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு திரும்பிப் போவார்கள். புருல் குடியிருப்பதோ இரண்டு மாடிக் கட்டடத்தில். வீட்டில் மின் அடுப்பு.

"இது அரசாங்கத் தீ, புருல்" என்றார் பெய்ஷென்.

"அரசாங்கம் இன்னைக்குக் கரண்டு குடுத்துச்சா?"

"இல்ல."

"தீயாவது குடுக்கட்டும்."

நுழைவாயிலில் இருந்த பலகையைப் பெய்ஷென் எட்டிப் பார்த்தார். புல்லை மிதிக்காதீர், நாயை அழைத்து வராதீர், குடித்துவிட்டு வராதீர் என்றிருந்தது. கொப்பரையைப் பற்றி ஒன்றும் இல்லை. அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் கொப்பரை நட்சத்திரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டது. அதற்கென்றே செய்ததுபோல் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்ததுதான் அவரை மேலும் குழப்பியது.

முதல் ஈடு போர்சோக் மாவுத்துண்டுகள் பொன்னிறமாக உப்பி மிதந்தபோது, வாசனை எழும்பிக் குடியிருப்பைச் சுற்றி வந்தது. ஒவ்வொரு சன்னலாகத் திறந்தது. கொஞ்ச நேரத்தில் மாடிவீட்டுக்காரி சதுரம் சதுரமாக வெட்டிய தன் மாவைத் தட்டோடு கொண்டுவந்தாள். அவளுக்கும் சுவரில் ஒரு பெயர் இருந்தது. இந்த ஊரில் யாருக்குத்தான் இல்லை? அவளுக்குப் பின்னால் இன்னும் சில பெண்கள்.

"புருல், எண்ணெய்ல எங்க வீட்டாளுக்கும் கொஞ்சம் இடம் குடு."

"வரிசையா போடுங்கடி. போர்முனைக்கே ஒண்ணாத்தான போனாங்க."

அந்த நேரம் பார்த்துக் கொம்பு ஊதிக்கொண்டு ஒரு கல்யாணக் கூட்டம் வந்து இறங்கியது. மாப்பிள்ளைக்கு மறுநாள் ரஷ்யாவுக்கு விமானம். அதனால்தான் வியாழக்கிழமையில் கல்யாணம். பூ வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போக வந்தவர்கள், கொப்பரையைப் பார்த்து நின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் நிற்கவில்லை. மருமகளின் வெள்ளை உடையைப் பின்னாலிருந்து அள்ளிப் பிடித்துக்கொண்டு நேராகத் தீயண்டை வந்தாள்.

"நல்ல வேளை! மருமக வந்த அன்னைக்கு அடுப்புல கொழுப்பு ஊத்தணும்ல. எங்க வீட்டு அடுப்பு கரண்டு இல்லாம செத்துக் கிடக்கு. ஏ புருல், கரண்டியைக் குடு. ஊத்துடி கண்ணு. பயப்படாத, நிறைய ஊத்து."

மருமகள் புதிது. நிறைய என்றால் எவ்வளவு என்று தெரியவில்லை. கரண்டி நிறைய ஊற்றினாள். தீ சிப்பாயின் முழங்கை உயரத்துக்குக் குபீரென்று எழும்பியது. மருமகள் வீறிட்டாள், பெண்கள் சிரித்தார்கள், மாப்பிள்ளை தொப்பியைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினான். பிறகு எல்லாரும் ஒருசேர இரண்டு கையையும் ஏந்தி, இறந்தவர்களுக்கும் இனிப் பிறக்கப்போகிறவர்களுக்கும் சேர்த்து ஒரே பிரார்த்தனையாகச் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். தட்டு கைமாறியது. மேலிடத்திலிருந்து உத்தரவு வராமல் இத்தனை பேர் நினைவிடத்தில் நின்று பெய்ஷென் பார்த்ததில்லை. நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. போர்சோக்கைக் கையில் வைத்துக்கொண்டு தின்பதா வேண்டாமா என்று தெரியாமல், கடைசியில் தின்றார்.

கல்யாண வீடியோக்காரர் எல்லாவற்றையும் எடுத்திருந்தார். மறுநாள் காலை அது எல்லார் கைபேசியிலும் இருந்தது, 'தியாகிகளின் தீயில் பலகாரம்' என்ற தலைப்போடு. பார்த்த நாடு இரண்டாகப் பிரிந்தது. பாதிப்பேர் இவர்களைச் சிறையில் தள்ள வேண்டும் என்றார்கள். பாதிப்பேர் இவர்கள்தான் செத்தவர்களை உண்மையாக நினைக்கிறார்கள் என்றார்கள். ஒருவர் மட்டும் மாவில் பால் சேர்த்தார்களா என்று கேட்டிருந்தார்.

தாலாய் கூப்பிட்டான்.

"அப்பா, பாத்தேன். கிடங்குல எல்லாரும் பாத்துட்டாங்க. அம்மா கரண்டியோட நிக்கிறது சூப்பர். எங்க மேஸ்திரி அதையே கைபேசியில படமா வெச்சிருக்காரு."

"வேலை போயிடும்போல இருக்குடா."

"அதான சொல்றேன், மேல் கட்டில்—"

"தெரியும்டா. வை."

திங்கட்கிழமை நகரத் தலைவர் ரிஸ்பெக் கூப்பிட்டு அனுப்பினார். பெய்ஷென் இறுதிச் சடங்குக்குப் போடும் கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். அறையில் பண்பாட்டுத் துறைப் பெண் சல்தனாத்தும் இருந்தாள். மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. ரிஸ்பெக் நல்ல பையன்தான். பெய்ஷெனைவிட ரொம்ப இளையவர். மூன்று நாளாகத் தூங்காத கண்.

"அண்ணே, நான் உங்களைத் திட்டக் கூப்பிடல. மாகாணத்துலேர்ந்து கேக்குறாங்க. நடந்தது அவமதிப்பா, வழக்கமா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுன்னு. எதுன்னு நீங்க சொன்னீங்கன்னா நான் அதையே சொல்லிடுவேன்."

"எனக்குத் தெரியலைங்க தலைவரே."

"செஞ்சவரு நீங்க. உங்களுக்கே தெரியலன்னா?"

"செய்யும்போதும் தெரியலைங்க."

சல்தனாத் தொண்டையைச் செருமினாள். "அந்தத் தீக்கு என்ன அர்த்தம்னு முதல்ல முடிவு பண்ணணும் சார். தீ செத்தவங்களைக் குறிக்குதுன்னா வாசனை எழுப்புனது மரியாதை. அரசாங்கத்தைக் குறிக்குதுன்னா அரசாங்கத்துமேல சட்டி வெச்ச மாதிரி. வெற்றியைக் குறிக்குதுன்னா..." அவள் நிறுத்தினாள். வெற்றியின்மேல் சட்டி வைத்தால் என்ன என்று அவளுக்கும் தெரியவில்லை.

"அண்ணே, நீங்க வர்றவங்ககிட்ட என்ன சொல்லுவீங்க?"

"அந்தந்தத் தலைவர் சொல்றதைத்தான்."

"நான் என்ன சொன்னேன்?"

"நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லல."

ரிஸ்பெக் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் சல்தனாத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. வரைந்தவரையே கேட்டால் என்ன? சிற்பி வெனியமின் இன்னும் தலைநகரில் உயிரோடுதான் இருக்கிறாராம். யார் யாரையோ பிடித்து எண்ணை வாங்கி, கைபேசியை மேசை நடுவில் வைத்து, ஒலியைக் கூட்டினார்கள். கிழவர் இருமிக்கொண்டே எடுத்தார்.

"எந்த ஊரு?"

"தாஷ்-கெச்சூ ஐயா" என்றார் ரிஸ்பெக்.

"ஞாபகம் இல்லியே. அப்பல்லாம் ஒரே வருஷத்துல எத்தனையோ ஊருக்குப் போட்டோம். சிப்பாய் துப்பாக்கி புடிச்சிருக்கானா, கையை நீட்டுறானா?"

"நீட்டுறான் ஐயா."

"ஆங், நீட்டுற மாடல். நாலு தூணு, நடுவுல தீ."

"மூணு தூணுங்க ஐயா" என்று பெய்ஷென் திருத்தினார்.

இருமல் நின்றது. "மூணா?"

"மூணுதாங்க."

"நடுவுல தீ எரியுது, சுத்தி மூணு நிக்குதா?"

"ஆமாங்க."

கிழவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பானது. "அட கிறுக்குப் பசங்களா. நாலு நின்னாத்தான்டா அது நினைவுச் சின்னம். மூணு நின்னா அது அடுப்பு!"

கைபேசி அணைந்தது. ஒருவர் பின் ஒருவராக எழுந்து சன்னலுக்குப் போனார்கள். சதுக்கத்துக்கு அப்பால், மரங்களுக்கு மேலே, மூன்று தூண்களும் உள்பக்கம் சாய்ந்து, நடுவில் கிண்ணத்தோடு நின்றன. ஆட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் மூன்று கல்லைக் கூட்டி வைத்திருப்பதுபோலவே இருந்தது. நாற்பது வருஷமாகப் பார்த்தும் யாருக்கும் அப்படித் தெரிந்ததில்லை. இப்போது வேறு எதுவாகவும் தெரியவில்லை.

"அப்படின்னா அண்ணன் பண்ணது தப்பே இல்லையே சார்" என்றாள் சல்தனாத். "அடுப்புமேலதான சட்டி வெச்சாரு."

"அப்ப நாப்பது வருஷமா நாம அடுப்புக்கு மாலை போட்டுட்டு இருக்கோம்னு மாகாணத்துக்குச் சொல்லட்டுமா?"

சல்தனாத் உட்கார்ந்தாள். ரிஸ்பெக் கொஞ்ச நேரம் நடந்தார். பிறகு நின்று, தாமே எதிர்பார்க்காத உறுதியோடு சொன்னார்:

"மே ஒன்பதாம் தேதி ஆளுநரே வர்றாரு. அதுக்குள்ள நாலாவது தூண் நிக்கணும். வாய்க்கால்லேர்ந்து எடுங்க. நாலு நின்னா இது நினைவிடம், நீங்க காவலாளி, நடந்தது ஏதோ ஒரு கைத்தவறு. நிக்கலேன்னா இது அடுப்பு. அடுப்புக்கு எதுக்கண்ணே சம்பளத்துக்குக் காவலாளி? நான் என்ன பண்ண முடியும் சொல்லுங்க."

பெய்ஷென் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். புருல் கேட்டுவிட்டுச் சொன்னாள், "பாலத்தைப் புடுங்கிட்டா அக்கரைக்காரங்க எப்படி வருவாங்க?"

"மேல் கட்டில்ல நான் எப்படி ஏறுவேன்?"

புருல் அவர் முட்டிக்குத் தைலம் தேய்க்க உட்கார்ந்தாள்.

நீர்ப்பாசனத் துறையில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கிரேனை வாங்கிக்கொண்டு அவர் வாய்க்காலுக்குப் போனபோது, அக்கரைப் பெண்கள் தூணின்மேல் வரிசையாக உட்கார்ந்து சூரியகாந்தி விதை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். காலைத் தண்ணீரில் தொங்கப் போட்டிருந்தார்கள்.

"எழுந்திருங்கம்மா. இது போர் நினைவுத் தூணு."

"யாரு சொன்னா?" என்றாள் நடுவிலிருந்த பருத்த பெண். "நான் இதுமேல நடந்துதான் பள்ளிக்கூடம் போனேன், இதுமேல நடந்துதான் கல்யாணம் ஆகி வந்தேன். எங்க மாமனாரை இதுமேலதான் தூக்கிட்டுப் போனாங்க. உங்க நினைவிடத்துக்கு நான் வாழ்க்கையில எத்தனை தடவை வந்திருப்பேன்? நீங்களே சொல்லுங்கண்ணே, எது நினைவு?"

பெய்ஷென் வழக்கம்போல ஏதாவது ஒரு அர்த்தத்தை எடுத்து விடலாமென்று பார்த்தார், ஒன்றும் வரவில்லை. "தங்கச்சி, இது நிக்கலேன்னா என்னை மாஸ்கோவுக்கு அனுப்பிடுவாங்க" என்றார்.

பருத்த பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவள் வீட்டிலும் இரண்டு பேர் மாஸ்கோவில் இருந்தார்கள். விதைத் தோலைத் துப்பிவிட்டு எழுந்தாள். மற்றவர்களும் எழுந்தார்கள். "ரெண்டு பலகையாவது போட்டுக் குடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

சங்கிலி கட்டி, கிரேன் உறுமி, தூண் தண்ணீர் சொட்டச் சொட்ட எழும்பியது. மேல்பக்கம் தொட்டில் போலத் தேய்ந்திருந்தது. நாற்பது வருஷக் காலடி. சல்தனாத் அதைப் பார்த்து, "இதுக்கும் ஒரு அர்த்தம் சொல்லிடலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தபோதே படீரென்று ஒரு சத்தம். தூண் ஒடிந்தது. பாதியில் ஒடியவில்லை, ஒரு ஓரமாக ஒடிந்தது. நீளமான பங்கு திரும்ப வாய்க்காலுக்குக் குறுக்கே, பழைய இடத்திலேயே, முன்னைவிட ஒழுங்காகப் போய்ப் படுத்தது. இரண்டு கரையிலும் கைதட்டினார்கள். பருத்த பெண் அதன்மேல் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

சங்கிலியில் ஒரு குட்டைத் துண்டு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"இதை என்ன பண்ண?" என்றார் கிரேன் ஓட்டுநர்.

பெய்ஷெனின் கண்ணில் வெந்நீர்க் குழாய் தெரிந்தது. மூக்குக்கு நேராக. "கொண்டுபோய் நடுங்க" என்றார். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. நாலாவது தூணுக்காக அந்தக் காலத்திலேயே வெட்டி, இத்தனை வருஷம் ரோஜாச் செடி வைத்திருந்த குழியில் அதை இறக்கி, சிமெண்ட் போட்டார்கள். போட்டு முடித்தபோது முழங்கால் உயரம்தான் மிஞ்சியது.

ரிஸ்பெக் எட்டாம் தேதி சாயங்காலம் வந்து பார்த்தார். "இது என்ன?" என்றார். அவர் குட்டைத் தூணைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு காரில் ஏறினார்.

மறுநாள் இசைக்குழு வாசித்தது, பிள்ளைகள் நடந்தார்கள், ஆளுநர் மாலை வைத்தார். எல்லாம் ஒழுங்காக முடிந்து அவர் திரும்பப் போகிற நேரத்தில் கால் குட்டைத் தூணில் இடித்தது.

"இந்தக் குட்டை என்னது?"

ரிஸ்பெக் சல்தனாத்தைப் பார்த்தார். சல்தனாத் பெய்ஷெனைப் பார்த்தாள். பெய்ஷென் பார்க்க யாருமில்லாமல் சுவரைப் பார்த்தார். அர்த்தம் சொல்வது அவர் வேலை. இப்போது சொல்லாவிட்டால் இந்த வேலையே இல்லை. தொழிற்சாலை, எதிர்காலம், குதிரை, அம்மா எல்லாம் நாக்கு நுனியில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன.

"அது... போரோட கடைசி வருஷங்க ஐயா" என்றார். "முழுசா நடக்கல. மே மாசத்தோட முடிஞ்சுபோச்சு."

ஆளுநர் குட்டைத் தூணையே பார்த்தார். "முடிஞ்சுபோச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தொப்பியைக் கழற்றினார். ரிஸ்பெக்குக்கு மூச்சு வந்தது. அப்போது முன்னாள் படைவீரர் சங்கத்துக்காரர் ஒருவர், கணக்கில் கெட்டிக்காரர், கையைத் தூக்கினார்.

"அப்ப நாப்பத்தொண்ணாம் வருஷம்? நமக்குப் போர் அந்த ஜூன் மாசம்தான ஆரம்பிச்சுது? அதுவும் முழு வருஷம் இல்லியே. அது எங்க?"

ஆளுநரும் திரும்பி, "ஆமா, அது எங்க?" என்றார்.

பெய்ஷெனுக்கு நிஜமாகவே தெரிந்த ஒரே பதில் அதுதான். வாய்க்கால் பக்கம் கையைக் காட்டினார். "அங்க இருக்குங்க. அதுமேலதான் எல்லாரும் நடந்து போறாங்க."

இது துக்கமா, கிண்டலா, வெறும் தகவலா என்று ஆளுநருக்குப் புரியவில்லை. பெய்ஷெனுக்கும்தான். ஆளுநர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டே ரொம்ப நேரம் தலையாட்டினார். பிறகு பெய்ஷெனின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

அவமதிப்பா வழக்கமா என்று அதற்கப்புறம் மாகாணத்திலிருந்து யாரும் கேட்கவில்லை. மறந்தார்களா, தீர்ந்துவிட்டது என்று நினைத்தார்களா, தெரியாது. ரிஸ்பெக் மட்டும் ஒருநாள் வழியில் பார்த்துச் சொன்னார், "அண்ணே, நீங்க இருங்க. எதுக்குன்னு எனக்குத் தெரியல. ஆனா இருங்க." மேல் கட்டிலுக்குப் பக்கத்து ஊர் ஆள் ஒருவர் வந்துவிட்டதாகத் தாலாயும் சொன்னான். நல்ல உயரமான ஆளாம், பாவம்.

அடுத்த வியாழக்கிழமை புருல் கொப்பரையோடு வந்தாள்.

"கரண்டு இருக்கே?" என்றார் பெய்ஷென்.

"இருக்கு. வீட்ல பொரிச்சா இமானாலிக்கு மட்டும்தான் போகுது. இங்க பொரிச்சா சுவத்துல இருக்கிற அத்தனை பேருக்கும் போகும். ஆளே இல்லாமப் போனவங்க எத்தனை பேரு இருக்காங்க தெரியுமா? நீங்கதான தினமும் அந்தச் சுவரைத் துடைக்கிறீங்க."

தெரியும். ஆனால் அனுமதிக்கலாமா என்பது தெரியாது. நாலு நின்றால் நினைவிடம், மூன்று நின்றால் அடுப்பு. இதற்கு? அவர் செங்கல் கூண்டுக்குப் பின்னால் போய் ரிஸ்பெக்கைக் கூப்பிட்டார்.

"தலைவரே, ஒரு சந்தேகம். மூணேகால் நின்னா அது நினைவிடமா, அடுப்பா?"

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம், கதவு சாத்தும் சத்தம்.

"அக்கா கொப்பரையோட வந்துட்டாங்களா?"

"வந்துட்டா."

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுண்ணே?"

பெய்ஷென் புகைபோக்கிகளைப் பார்த்தார். "மேற்கே போகுது."

"அவங்க செத்ததும் அந்தப் பக்கம்தான..." ரிஸ்பெக் பெருமூச்சு விட்டார். "நான் கூட்டத்துல இருக்கேன். நீங்க கூப்பிடவே இல்ல." வைத்துவிட்டார்.

இது சரி என்றாரா, வேண்டாம் என்றாரா? கைபேசியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் பெய்ஷென் சிலிண்டரைத் திருகினார். தீ பிடித்தது. கொப்பரை தன் இடத்தில் உட்கார்ந்தது. நிற்க முட்டி ஒத்துழைக்கவில்லை. உட்கார இடம் தேடினார்; முழங்கால் உயரத்தில், கடைசி வருஷம்தான் இருந்தது. அதன்மேல் உட்கார்ந்தார். தப்போ என்று எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

எண்ணெய் காய்ந்தது. வாசனை எழும்பி, பெயர்ச் சுவரைத் தடவிக்கொண்டு, சிப்பாய் நீட்டிய கையின் வழியே மேற்கே போனது. குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு வெளியே வந்த பெண்கள் மூக்கை நிமிர்த்தி நின்றார்கள். யாருக்கு என்று தெரியாமலேயே கையேந்தி, முகத்தைத் தடவிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்கள்.